மேல்காற்றில் தீ பரவினால் வீட்டுக் கோழிகளை எப்படிக் காப்பாற்றுவது?

ஆனி பிறந்துவிட்டால் திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடி, வள்ளியூர், களக்காடு பக்கமெல்லாம் ஒரே காற்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே மழை கொட்டும். நமக்கு வந்து சேர்வது மேற்கிலிருந்து வீசும் வறண்ட மேல்காற்றுதான். காவல்கிணறு, முப்பந்தல் காற்றாலைகள் ராத்திரி பகலாகச் சுற்றும் காலம் அது. கோடையில் காய்ந்த புல் அப்படியே நிற்கும், பனைகளில் காவோலை தொங்கும். எங்கோ ஒரு பீடித்துண்டோ வரப்பில் வைத்த தீயோ போதும்.

நான்கு வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மதியம், எங்கள் வீட்டுக்கு மேற்கே இருந்த பனைவிளையில் தீப்பிடித்தது. எங்கள் வேலி வரை வர இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டில் 14 கோழிகள். நானும் மயினியும் (அண்ணி) ஓடி ஓடிப் பிடித்தது ஐந்து. எட்டு கோழிகள் திசைக்கொன்றாகப் பறந்துவிட்டன. தீயை அணைத்து முடித்து, பொழுதடையும் நேரத்தில் அந்த எட்டும் குளத்தங்கரைப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வராதது ஒன்றே ஒன்று. தொழுவத்து மூலையில் ஓலைப்பெட்டிக்குள் 16 நாளாக அடையிருந்த கருப்புக்கோழி. அது முட்டையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மாட்டை அவிழ்த்துவிட்டவன் நான்தான். பெட்டிக்கு நாலடி தள்ளி நின்றிருக்கிறேன். நினைவு வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பழகிக்கொண்ட முறையை, ஐந்தாறு கோழியோடு இப்போதுதான் வளர்க்க ஆரம்பித்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தீ கண்ணில் பட்டபிறகு செய்ய முடிந்த வேலை கொஞ்சம்தான். முக்கால்வாசி வேலை வைகாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். மலையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு மாசி, பங்குனியிலேயே காட்டுத்தீ பயம் வந்துவிடும். நீங்கள் தை மாதமே தொடங்கிவிடுங்கள்.

1. தினமும் எண்ணுங்கள்

ராத்திரி அடையும்போது எத்தனை கோழி, எது எங்கே என்று எண்ணுவதுதான் முதல் பழக்கம். நாட்டுக்கோழிகள், அதிலும் உருவம் சிறிய சிறுவிடை ரகம், கூண்டு இருந்தாலும் முருங்கையிலோ பூவரசிலோ ஏறி அடைந்துகொள்ளும். அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடைக்கோழி எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், சிறுபிள்ளைகள் உட்பட. முட்டை பொரிய 21 நாள். அந்த 21 நாளும் அந்தக் கோழி தானாக ஓடித் தப்பிக்காது. அதனால் இப்போது நாங்கள் அடை வைப்பதே கைப்பிடியுள்ள பெட்டியில்தான். அடியில் மணல், அதன்மேல் கொஞ்சம் வைக்கோல், பெட்டி இருப்பது புறவாசலுக்குப் பக்கத்தில். எடுக்க வேண்டி வந்தால் கோழியும் முட்டையுமாக அப்படியே தூக்கிவிடலாம்.

2. கூப்பிட்டால் வரப் பழக்குங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இதுதான். பயந்த கோழியைப் பகலில் துரத்திப் பிடிக்க முடியாது. எங்கள் ஆச்சி சொல்வாள், "எய்யா, பொழுதடையட்டும், பிறகு பிடி. பகல்ல சிக்காது" என்று. அது உண்மை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அசையாமல் இருக்கும். ஆனால் தீ பொழுதடையும் வரை காத்திருக்காதே.

அதனால் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் கொஞ்சம் கம்பு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சாயங்காலம் அதைக் குலுக்கிக்கொண்டே, எப்போதும் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, கூண்டுக்குள்ளேயே தீனி போடுங்கள். வெளியே போடாதீர்கள். இரண்டு வாரத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே ஓடி வரும். அப்புறம் வாரத்துக்கு ஒருநாள் மதிய நேரத்திலும் குலுக்கிப் பாருங்கள். மதியம் வந்தால்தான் பழகிவிட்டது என்று அர்த்தம்.

மரத்தில் அடையும் கோழியை இருட்டிய பிறகு இறக்கிக் கூண்டில் விடுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து செய்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

தூக்கும் முறையையும் இப்போதே பழகுங்கள். இரண்டு கையாலும் சிறகுகளை உடம்போடு அணைத்துத் தூக்கி, ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, கால்களை விரலிடுக்கில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒற்றைச் சிறகைப் பிடித்துத் தூக்கினால் சிறகு பிசகிவிடும்.

3. கூண்டைச் சுற்றி வெட்டவெளி

கோடைக்கு முன் மலையில் வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறது அல்லவா, அதே வேலைதான். கூண்டைச் சுற்றிப் பத்தடிக்காவது சருகு, காவோலை, பனைமட்டை எதுவும் கிடக்கக் கூடாது. வைக்கோல் படப்பை ஒட்டிக் கூண்டு வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். மேல்காற்றில் கங்கு பறந்து வந்து விழுவது முதலில் படப்பின் மேல்தான். ஓலைக்கூரை போட்ட கூண்டு வெயிலுக்குக் குளிர்ச்சி, தீக்கு ஆபத்து. தகரமாக மாற்ற முடிந்தால் மாற்றி, மரநிழலில் வையுங்கள்.

4. தூக்கிப்போகும் பெட்டி

ஊரில் வழக்கமாகச் செய்வது காலைக் கட்டி எக்ஸெல் வண்டியில் தலைகீழாகத் தொங்கவிடுவது. தயவுசெய்து வேண்டாம். நமக்கு இருப்பதுபோல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை கோழிக்குக் கிடையாது. தலைகீழாகத் தொங்கினால் குடலும் இரைப்பையும் சரிந்து நுரையீரலையும் காற்றுப்பைகளையும் அழுத்தும். ஏற்கெனவே புகை குடித்திருக்கும் கோழி அப்படியே மூச்சடைத்துப் போகும். உரச்சாக்கில் போட்டுக் கட்டுவதும் அதே கதிதான்.

நல்ல பெட்டி செய்ய அதிகச் செலவில்லை. காய்கறிக் கடையில் பழைய தக்காளி டிரே இரண்டு வாங்குங்கள், பக்கவாட்டில் ஓட்டை உள்ளது. ஒன்றின் மேல் ஒன்றை வாயோடு வாய் சேர்த்துக் கவிழ்த்து, நீளவாக்கில் ஒரு பக்கத்தை மூன்று இடத்தில் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். அது கீல் மாதிரி ஆகிவிடும். எதிர்ப்பக்கம் திறந்து மூட இரண்டு கொக்கி. கால் வழுக்காமல் இருக்க அடியில் சாக்கை விரித்தால் முடிந்தது. இதில் நான்கு கோழி, மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் அடைக்காதீர்கள். கோழிக்கு வேர்க்காது. சாதாரணமாகவே அதன் உடம்புச் சூடு 41 டிகிரி இருக்கும். வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நெருக்கி அடைத்தால் தீயில் தப்பிய கோழி பெட்டியில் செத்துவிடும்.

சேவல்கள் ஒன்றோடொன்று சேராது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி அல்லது தனி ஓலைக்கூடை வேண்டும். குஞ்சுள்ள கோழியைக் குஞ்சுகளோடு ஒரே பெட்டியில் வையுங்கள். தாயின் சூடு இல்லாமல் சின்னக் குஞ்சு தாங்காது.

செய்த பெட்டியைப் பரணில் போட்டுவிடாதீர்கள். கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

5. கையோடு ஒரு பை

ஒரு கோழி நாளைக்குச் சுமார் 100 முதல் 120 கிராம் தீனி தின்னும், கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயிலில் தண்ணீர் இரண்டு மடங்கு ஆகும். பத்துக் கோழிக்கு மூன்று நாளைக்கு என்றால் 4 கிலோ தீனி, 15 லிட்டர் தண்ணீர். போகிற இடத்தில் தண்ணீர் இருந்தால் ஒரு கேன் போதும். பையில் இரண்டு அகலத் தட்டு, பழைய வேட்டி ஒன்று, கயிறு, அந்தக் கம்பு டப்பா.

6. போகும் இடத்தை முன்பே பேசி வையுங்கள்

ஆட்களைத் தங்கவைக்கும் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ கோழிக்கு இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சித்தி வீடோ மயினி வீடோ, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அந்த வீடு உங்களுக்கு நேர் கிழக்கே இருந்தால் இன்னொன்றையும் யோசித்து வையுங்கள். மேல்காற்றில் தீ கிழக்கு நோக்கித்தான் ஓடும். அப்போது வடக்கோ தெற்கோ, காற்றுக்குக் குறுக்கே போவதுதான் சரி. மலைப்பக்கம் ஏறவே கூடாது. சரிவில் தீ மேல்நோக்கி வெகுவேகமாக ஏறும்.

போகிற வீட்டிலும் கோழி இருக்கும். அதனால் கோழிக்குக் கோழி வேகமாகத் தொற்றும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியை முன்பே போட்டிருக்க வேண்டும். ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது, ஒன்றிரண்டு வாரம் வேண்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

7. அந்த நாள்

புகை எழும்புவது தெரிந்ததும் முதலில் 101 அல்லது 112. அப்புறம் வீட்டில் உள்ளவர்கள், வயதானவர்கள். மாட்டையும் ஆட்டையும் அவிழ்த்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் கோழி.

தீ தூரத்தில் இருக்கும்போதே டப்பாவைக் குலுக்கிக் கூண்டுக்குள் வரவழைத்துக் கதவைச் சாத்துங்கள். கிளம்ப வேண்டி வராவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. பெட்டியில் ஏற்றும் வரிசை: அடைக்கோழி, குஞ்சுகள், பெட்டைகள், கடைசியில் சேவல். வெளியே மாட்டிக்கொண்ட கோழியைத் துரத்தாதீர்கள். இரண்டு பேர் வேட்டியை விரித்துப் பிடித்துச் சுவர்மூலைக்கு மெதுவாக ஒதுக்கி, மேலே போட்டுப் பிடியுங்கள். பத்து நிமிடம்தான் என்று மனதில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் பிடித்தது போதும், கிளம்பிவிடுங்கள்.

வண்டியில் பெட்டியின் மேல்பக்கத்தை மட்டும் துணியால் மூடுங்கள். நிழல் விழுந்தால் கோழி அடங்கிவிடும். பக்கவாட்டு ஓட்டைகள் திறந்தே இருக்கட்டும். தண்ணீர்த் தட்டு வைத்தால் கொட்டி நனையும், அதற்குப் பதில் வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிப் போடலாம். வழியில் வாயைப் பிளந்து, சிறகை விரித்துக்கொண்டு இளைத்தால் நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

8. கொண்டுபோக முடியாமல் போனால்

கூண்டில் அடைத்து வைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள். கதவைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே விரட்டிவிட்டு, மறுபடி கதவைச் சாத்துங்கள். ஏன் சாத்த வேண்டும் என்றால், பயந்த கோழி பழகிய கூண்டுக்குள்ளேயே திரும்ப ஓடும். உழுது போட்ட நிலம், வற்றிய குளம் என்று எரிய ஒன்றுமில்லாத பக்கமாக விரட்டுங்கள். வெட்டவெளியில் தண்ணீர் வைத்துவிட்டுப் போங்கள். எங்கள் எட்டுக் கோழி பிழைத்தது அப்படி ஓடியதால்தான்.

எந்தக் கோழிக்காகவும் தீக்குள் திரும்பிப் போகாதீர்கள்.

9. தீ அணைந்த பிறகு

கோழியை விடும் முன், புறங்கையைத் தரைக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். பனந்தூர்கள் உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கும், மேலே சாம்பல் மட்டும் தெரியும். அதில் கோழியின் பாதம் வெந்துவிடும். சாம்பல் விழுந்த தண்ணீரையும் தீனியையும் கொட்டிவிட்டுப் புதிதாக வையுங்கள்.

கோழிக்கு நுரையீரலோடு 9 காற்றுப்பைகள் உண்டு. உள்ளே போன புகை ஆழமாகப் போய்ச் சேரும். அதனால் அன்றைக்கு நன்றாக இருந்த கோழி மூன்றாம் நாள் வாடலாம். வாயைத் திறந்தே மூச்சு விடுவது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, கரகரவென்ற சத்தம், கண்ணில் நீர் வடிவது, இதில் எது தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. பாளையங்கோட்டை, மானூர் பக்கம் இருப்பவர்கள் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுபோகலாம். தீக்காயத்தில் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் குளிரவிடுங்கள். மஞ்சளையோ எண்ணெயையோ அப்பிவிட்டால் மருத்துவர் காயத்தைப் பார்க்க முடியாது.

சில வாரம் துரத்தாமல், இடம் மாற்றாமல், தூசு எழும்பாமல் வைத்திருங்கள். முட்டை நின்றுபோகும். அதற்காகக் கவலைப்பட்டுக் கண்ட மருந்தையும் கொடுக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அந்த வருடம் மறுபடி முதல் முட்டை கிடைத்தது ஆவணி பாதியில், கூண்டில் இல்லை, கருப்புக்கோழி அடையிருந்த அதே தொழுவத்து மூலையில்.