லாகின் ஆகிறது, ஃபைல் பட்டியல் வரவில்லையா? ஃபயர்வாலுக்குப் பின்னால் எஃப்டிபி சர்வர்

முதல்முறை எஃப்டிபி (FTP, இணையம் வழியே ஃபைல்களை அனுப்பிப் பெறும் முறை) சர்வர் வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ்வேர்டு சரி என்று வரும், பட்டியல் மட்டும் வராது. எஃப்டிபிக்கு இணைப்பு இரண்டு என்பதுதான் காரணம். கட்டளைகள் போவது 21ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்). பட்டியலுக்கும் ஃபைலுக்கும் தனிப் போர்ட். பாசிவ் மோடில் (இரண்டு இணைப்பையும் பயனரின் கணினியே தொடங்கும் முறை) அதைச் சர்வர் அவ்வப்போது தேர்ந்தெடுக்கும். ஃபயர்வாலில் 21 மட்டும் திறந்திருந்தால் போதாது.

விண்டோஸில் ஃபைல்ஜில்லா சர்வர் நிறுவியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. ரூட்டரின் டிஹெச்சிபி (கணினிகளுக்கு முகவரி வழங்கும்) பகுதியில் அந்தக் கணினிக்கு 192.168.1.10 போல மாறாத முகவரி ஒதுக்குங்கள்.

2. சர்வரில் யூசர் உருவாக்கி, பாஸ்வேர்டும் ஃபோல்டரும் கொடுங்கள்.

3. பாசிவ் மோட் அமைப்பில் போர்ட் வரம்பை 40000 முதல் 40050 வரை வையுங்கள். சிறு அலுவலகத்துக்கு 51 போர்ட் தாராளம். அங்கேயே உங்கள் பொது ஐபியையும் (இணையத்தில் உங்கள் ரூட்டருக்கு உள்ள முகவரி) எழுதுங்கள்.

பொது ஐபியை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? ஃபைலுக்கு எங்கே இணைய வேண்டும் என்று சர்வர் அனுப்பும் 227 பதிலைப் பாருங்கள்: (192,168,1,10,156,64). முதல் நான்கு எண்கள் முகவரி. கடைசி இரண்டும் போர்ட்: 156 × 256 + 64 = 40000. வெளியில் இருப்பவர் 192.168.1.10-ஐ எங்கே போய்த் தேடுவார்? ஃபைல்ஜில்லா கிளையன்ட் (சர்வருடன் இணையப் பயன்படும் மென்பொருள்) இந்தத் தவறைத் தானே சமாளித்துவிடும் என்பதால், உங்களுக்கு வேலை செய்வது வாடிக்கையாளருக்குச் செய்யாமல் போகலாம். சில ரூட்டர்கள் போகிற வழியில் முகவரியைத் திருத்திவிடும். ஆனால் டிஎல்எஸ் (TLS, இணைப்பில் போவதை மறைகுறியாக்கும் முறை) போட்டால் அவற்றால் உள்ளே படிக்க முடியாது. டிஎல்எஸ் கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகவே போகும்.

4. விண்டோஸ் ஃபயர்வாலில் புதிய இன்பவுண்ட் ரூல் (உள்வரும் இணைப்புக்கான விதி): டிசிபி, 21, 40000-40050.

5. ரூட்டரில் அதே போர்ட்களை 192.168.1.10-க்கு ஃபார்வர்டு செய்யுங்கள். உள்ளே, வெளியே இரண்டிலும் எண் ஒன்றாகவே இருக்கட்டும்.

சோதனையை அதே வைஃபையில் செய்யாதீர்கள். பல ரூட்டர்கள் உள்ளிருந்து பொது ஐபிக்குப் போகவிடாது. மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

லாகினே ஆகவில்லை என்றால் ரூட்டரின் வேன் (WAN, இணையப் பக்கத்து) முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் இருப்பது சிஜிநாட்டுக்குப் (CGNAT, ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிரும் அமைப்பு) பின்னால். ஃபார்வர்டிங் பலிக்காது; இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்குங்கள்.