மலச்சிக்கலுக்கு மாத்திரை தேடும் முன்

நாள்தோறும் மலம் கழித்தே ஆக வேண்டும் என்பதில்லை. நாளுக்கு 3 முறை முதல் வாரத்துக்கு 3 முறை வரை இயல்பே. எண்ணிக்கையைவிட, மலம் இறுகிக் கட்டிகட்டியாக வருகிறதா, முக்கினால்தான் வெளியேறுகிறதா, போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா என்பதையே கவனிக்க வேண்டும்.

உணவுச் சக்கையிலிருந்து நீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை என்பதால், மலம் அங்கே தங்கத் தங்க வறண்டு இறுகுகிறது. வேலை அவசரத்திலும் வெளியிடங்களிலும் வருவதை அடக்கிக்கொள்பவர்களில் பலருக்குச் சிக்கல் தொடங்குவது இப்படித்தான். அடக்கிப் பழகினால், நாளடைவில் அந்த உணர்வே மங்கிவிடும். மருந்தைத் தேடுவதற்கு முன் இந்தப் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

இரைப்பையில் உணவு சேர்ந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும்; காலையில் அந்த அசைவு வலுவாக இருக்கும். ஆகவே காலை உணவு முடிந்து அரை மணி நேரத்துக்குள், கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு, கழிப்பறையில் நிதானமாக உட்காருங்கள். மேற்கத்தியக் கழிப்பறையானால், பாதங்களுக்கு அடியில் ஒரு சிறு முக்காலியை வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி சற்று முன்சாய்ந்து உட்கார்ந்தால், மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகும். மூச்சைப் பிடித்து முக்க வேண்டாம். 10 நிமிடங்களில் வராவிட்டால் எழுந்துவிடலாம்.

காய்கறி, பழம், பருப்பு, முழுத்தானியம் வழியாக நாளுக்கு 25 முதல் 30 கிராம் வரை நார்ச்சத்து சேர வேண்டும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும் என்பதால், சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, போதிய தண்ணீரும் குடியுங்கள். நடைப்பயிற்சியும் உதவும்.

இவற்றுக்குப் பிறகும் தீராவிட்டால், நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் சில வலிநிவாரணிகளும் மலத்தை இறுக்கக்கூடியவை. தைராய்டு சுரப்புக் குறைவும் காரணமாகலாம். லாக்டுலோஸ் போன்ற மருந்துகள் குடலில் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குபவை. பலன் தெரிய 2, 3 நாட்கள் ஆகலாம் என்பதால், முதல் நாளே அளவைக் கூட்டிவிடாதீர்கள்.

நீண்ட நாள் சிக்கலுக்குப் பின் ஒரு முதியவருக்குத் தண்ணீராகக் கசிந்தால், அது இறுகிய மலத்தைச் சுற்றி வழிவதாகவும் இருக்கலாம். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, 50 வயதை ஒட்டிப் புதிதாகத் தோன்றிய மாற்றம் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வாயுவும் பிரியாமல் நின்றுவிட்டால், பேதி மருந்து எதுவும் கொடுக்காமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.