பின்னால் தெரியும் சாயக்கடை: சொந்த ஊரைப் படமெடுக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் முக்கில் ஒரு சாயக்கடை, அதாவது டீக்கடை, இருந்தது. ஓட்டுக் கூரை, முன்னால் இறக்கிக் கட்டிய தகரம், இரண்டு பெஞ்சு, கண்ணாடி அலமாரிக்குள் பழம்பொரியும் ரசவடையும், உத்திரத்தில் தொங்குகிற மட்டி வாழைக் குலை. ரோட்டை அகலப்படுத்தியபோது அது போய்விட்டது. போன மாதம் தங்கை மகன் "மாமா, அந்தக் கடை எப்படி இருக்கும்?" என்று கேட்டான். சரி, காட்டிவிடலாம் என்று போனைத் திறந்தேன். பதினோராயிரம் படத்துக்கு மேல் கிடக்கிறது. சூரிய உதயம் மட்டும் நானூறு தேறும். திற்பரப்பு அருவி, முட்டம் கலங்கரை விளக்கம், வட்டக்கோட்டை மதில், எல்லாம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் தினமும் இரண்டு வேளை சாயா குடித்த கடையை மட்டும் காணவில்லை.

கடைசியில் அது ஒரு சொந்தக்காரர் கல்யாண ஆல்பத்தில் கிடைத்தது. மாப்பிள்ளை காரில் இருந்து இறங்குகிறார், அவர் தோளுக்குப் பின்னால் பாதிக் கடை. பாய்லர், அதன் பக்கத்தில் பால் பாத்திரம், சுவரில் அழிந்தும் அழியாத தேர்தல் சின்னம், பெஞ்சில் ஒருவர் பேப்பரை நாலாக மடித்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். எடுத்த போட்டோகிராபருக்கு அந்தக் கடை ஒரு இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று அதை ஒதுக்கியிருந்தால் எனக்கு இந்தப் பாதியும் கிடைத்திருக்காது.

அதனால் நான் முதலில் சொல்லும் தவறு, போனில் பின்னணியை மங்கலாக்கும் அந்த போர்ட்ரெய்ட் வசதியை எதற்கெடுத்தாலும் போட்டுக்கொள்வது. முகம் பளிச்சென்று வரும், மறுக்கவில்லை. ஆனால் பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரும்போது கவனித்துப் பாருங்கள், முகத்தை எல்லோரும் இரண்டு நொடிதான் பார்க்கிறார்கள், அதற்கப்புறம் "ஏய், அது நம்ம பழைய ஆட்டுரல்லா," "அந்தப் பிலாவை எப்போ வெட்டினோம்," "பின்னால இருக்க சைக்கிள் யாருக்குள்ளது" என்று பேச்சு முழுக்க மூலையிலும் பின்னாலும்தான் ஓடும். அந்த மூலையைத்தான் போன் பஞ்சு மாதிரி ஆக்கி வைக்கிறது. ஆளை எடுங்கள், ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்பது தெரிகிற மாதிரி இரண்டு அடி பின்னால் போய் எடுங்கள்.

அடுத்தது எல்லோரும் எடுக்கிறதையே நாமும் எடுப்பது. வள்ளுவர் சிலை 133 அடி, 2000 ஜனவரி 1ஆம் தேதி திறந்தார்கள், அன்றிலிருந்து அவரை எடுக்காத கேமரா கிடையாது. விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் வந்தது, அதில் நின்று எடுத்த படங்களுக்கும் பஞ்சமில்லை. நாம் எடுக்காவிட்டாலும் அவை பத்திரமாக இருக்கும். ஆனால் பாலம் வருவதற்கு முன்னால், பாறை வரைக்கும் படகு போகும், சிலைக்கு இன்றைக்குப் போகாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிய நாட்கள் எத்தனை! அந்த வரிசையை, அந்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்த மாமிகளை யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா? என்னிடம் ஒன்றுகூட இல்லை. நானும் அந்த வரிசையில் நின்றுகொண்டு சிலையைத்தான் எடுத்திருக்கிறேன்.

இதைவிடக் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. ஆள் நகரட்டும் என்று காத்திருப்பது. கோட்டாறு கம்போளத்தில், அதாவது சந்தையில், சாக்கு மூட்டை ஏற்றிய வண்டி குறுக்கே நிற்கிறது என்று பத்து நிமிஷம் பொறுத்து, தெரு காலியானதும் அழகாக ஒரு கட்டிடத்தை எடுப்பார்கள். கம்போளம் என்றால் அந்த வண்டிதானே! இப்போது இன்னும் வசதியாகப் போயிற்று, மின்கம்பியையும் குப்பைத்தொட்டியையும் ஆட்களையும் விரலால் தடவினால் போனே அழித்துக் கொடுக்கிறது. அழித்த இடத்தில் அதுவாக ஒரு சுவரை வரைந்தும் வைக்கிறது. நாளைக்கு உங்கள் பேத்தி அந்தச் சுவரைப் பார்த்து ஊர் இப்படித்தான் இருந்தது என்று நம்புவாள். கம்பி அசிங்கமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

நேரம் பற்றிய தவறு எங்கள் மாவட்டத்தில் ரொம்ப அதிகம், ஏனென்றால் இங்கே உதயத்தையும் அஸ்தமனத்தையும் தவிர வேறு நேரமே இல்லை என்று நினைக்கிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு இடத்துக்கும் சொந்தமாக ஒரு நேரம் உண்டு. தோவாளை பூச்சந்தைக்கு மத்தியானம் போனால் காலி இடத்தையும் வாடிய நாலு பூவையும்தான் எடுக்க முடியும். விடிவதற்கு முன் போய்ப் பாருங்கள், பிச்சிப்பூ ஈரத் துணியில் குவிந்து கிடக்கும், பல்பு வெளிச்சத்தில் விலை பேசும் கைகள் தெரியும். வெளிச்சம் குறைவுதான், படம் கொஞ்சம் ஆடித்தான் வரும், பரவாயில்லை. ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, பத்து மணிக்கு மேல் போகிறவர்களுக்குச் சிரட்டை கட்டிய மரம்தான் கிடைக்கும், பால் வெட்டுகிற ஆள் அதற்குள் குளித்துச் சாப்பிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். ஆனால் அந்த நேரத்தில் வீட்டு முற்றத்துக்குப் போனால் கொடியில் துணிக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டும் காய்வதைப் பார்க்கலாம், அதன் வாடையைப் படத்தில் கொண்டுவர முடியாது என்பது மட்டும்தான் குறை. குளச்சலில் என்றால் வள்ளம் கரை ஏறும் நேரத்தை அங்கே உள்ளவர்களிடமே கேளுங்கள். இணையத்தில் தேடாதீர்கள், சொல்லிவிடுவார்கள்.

மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1966இல் கட்டியது, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு மலையில் இருந்து எதிர் மலைக்குக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகிறது. போகிறவர்கள் எல்லோரும் மேலே நடைபாதையில் நின்று, நீளமாகக் குறுகிக்கொண்டு போகும் அதே ஒரு படத்தை எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கீழே இறங்கி, தூண் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று பிடிபடும். அங்கேயும் ஒரு சிக்கல், போனின் சாதாரண லென்ஸ் ரொம்ப அகலம், பக்கத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தால் தூண்கள் உள்பக்கமாகச் சாய்ந்த மாதிரி வரும். நல்லா தள்ளிப் போய், இரண்டு மடங்கு பெரிதாக்கும் பட்டனைப் போட்டு, போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். வீடு, கோயில் மதில், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அளவு தெரிய ஓர் ஆளையும் நிறுத்துங்கள்.

தூரத்தில் இருந்து எடுத்ததோடு நிறுத்திவிடுவதும் தவறுதான். ஆச்சி வீட்டுக் கிணற்றை நான் நாலு பக்கமும் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டை விற்று, கிணற்றையும் மூடிய பிறகு நினைவுக்கு வருவது அந்த நாலு பக்கமும் இல்லை. கிணற்று விளிம்புக் கல்லில், கயிறு உரசி உரசி விழுந்த பள்ளம். ஒன்று ஆழமாக இருக்கும், அது ஆச்சி இறைக்கிற இடம், பக்கத்தில் ஆழம் குறைந்து இரண்டு. சின்ன வயதில் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தால் சரியாகப் பொருந்தும், மழைக்காலத்தில் அதற்குள் பாசி பிடித்து வழுக்கும். அதைக் கிட்டே போய் எடுக்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. அப்போது அது எனக்கு ஒரு படமாகவே தோன்றவில்லை. கை படும் இடங்களை எடுங்கள்: கதவுத் தாழ்ப்பாள், கடைத் தராசு, பள்ளிக்கூட பெஞ்சில் காம்பஸால் கீறிய பெயர், பஸ் ஸ்டாப் தூணில் முதுகு சாய்த்துச் சாய்த்து வழவழப்பான இடம்.

ஒரு தடவை எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு, வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். ஒரே மைல்கல் பக்கத்தில் நின்று வருஷத்துக்கு நாலு தடவை ஒரே வயலை எடுத்தால் நாற்று, பச்சை, கதிர், அறுத்த தாள் எல்லாம் வரும். அப்புறம் ஒரு வருஷம் நடுவில் எல்லைக்கல் நட்டிருப்பார்கள், அடுத்த வருஷம் செம்மண் அடித்திருப்பார்கள். அதுவும் அதே மைல்கல்லில் இருந்துதான் எடுக்கப்பட வேண்டும்.

ஆட்களிடம் கேட்காமல் எடுப்பது. இதில் நான் ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு கடற்கரைச் சந்தையில் மீன் சருவத்துக்கு முன்னால் குனிந்து போனை நீட்டியபோது அந்த அம்மா கேட்டார்: "மீன் வாங்க வந்தியா மக்கா, எங்கள வேடிக்கை பாக்க வந்தியா?" வாயடைத்துவிட்டது. 2004 சுனாமிக்கும் 2017 ஒக்கிப் புயலுக்கும் பிறகு அந்த ஊர்களுக்கு வந்த கேமராக்களை நினைத்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை, அழுகிற முகத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் திரும்பி வந்து ஒரு பிரதி கொடுத்திருக்க மாட்டார்கள். முதலில் மீன் வாங்குங்கள், பேசுங்கள், அப்புறம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எடுத்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள், அடுத்த தடவை அவர்களே கூப்பிட்டு நிறுத்துவார்கள். குளத்திலும் ஆற்றிலும் குளிக்கிற படித்துறைப் பக்கம் கேமராவே வேண்டாம். குமரி அம்மன் கோயிலுக்குள்ளும் எடுக்க விடமாட்டார்கள், ஒளித்து எடுப்பது மரியாதை இல்லை.

கடற்கரையில் உப்புக் காற்று லென்ஸில் படிந்து எல்லாப் படமும் புகை பிடித்த மாதிரி வரும். பலர் போன் பழுதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். சட்டை நுனியால் அழுத்தித் துடைக்காமல், முதலில் மணலை ஊதிவிட்டு, சுத்தமான மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

எழுதி வைக்காததுதான் எனக்குத் தெரிந்து பெரிய தவறு. படம் இருக்கும், யார், எந்த இடம், எந்த வருஷம் ஒன்றும் தெரியாது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அளவையும் சுருக்கி, எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களையும் கழற்றிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். இது பலருக்குத் தெரியாது, குடும்பக் குழுவில் வந்த படத்தையே அசல் என்று வைத்திருக்கிறார்கள். "மாமா வீட்டு முன்னால்" என்று எழுதுவதும் போதாது, எந்த மாமா? ஊர், விளை, முக்கு, பக்கத்தில் என்ன இருந்தது என்று நாலு வரி எழுதுங்கள். பழைய படங்களைப் பெரியவர்களிடம் காட்டும்போது போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், எழுதுவதைவிட அது சுலபம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தவர்கள், பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருப்பது போலப் படத்தின் பின்பக்கத்திலும் மலையாள எழுத்து இருக்கலாம், அதைப் படிக்கத் தெரிந்த பாட்டா இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பத்திரப்படுத்துவதில் எல்லோரும் சோம்பேறிகள், நானும்தான். ஒரு முழு வருஷத்துப் படங்கள் போனோடு குளத்தில் போனபிறகுதான் புத்தி வந்தது. சுனாமியில் மணக்குடிப் பாலமே அடித்துக்கொண்டு போனது, கரையோர வீடுகளில் இருந்த ஆல்பங்கள் எந்த மூலைக்கு? போனில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டில் ஒன்று என்று வையுங்கள். சுவரில் மாட்டிய பழைய படம் நம்மூர் ஈரத்துக்குக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியில் நின்றுவிடும். கண்ணாடியோடே நிழலில் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேராக மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, போன வாரம் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு ஷட்டர் கடையில் இருக்கிறார். கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. பெஞ்சில் பேப்பர் படிக்கிறவர் மேல் விரலை வைத்து, "இவரு எனக்கு முன்னூத்திச் சொச்சம் பற்று தரணும் பாத்துக்கோ, தராமலே போயி சேந்துட்டாரு" என்றார். பிறகு பாய்லருக்கு மேலே ஆணி அடிக்க இடம் தேட ஆரம்பித்தார்.