கெட்ட உணவுக்கு முதலாளியையும் கூண்டில் ஏற்றுவது எப்படி?

பாக்கெட் உணவில் கோளாறு என்றால் நம் ஊரில் முதலில் மாட்டுவது மளிகைக் கடைக்காரர். அவரைத் தாண்டினால், கம்பெனி லேபில் கையெழுத்துப் போடும் பிள்ளை. அதற்கு மேலே வழக்கு ஏறுவதே அபூர்வம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் தரப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள் நான். அந்தக் கையெழுத்தை நானும் போட்டிருக்கிறேன். இயக்குநர் வரைக்கும் போகச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் முதல் வாரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள், புகாரில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் அது திறக்கும்.

முதலில் பாக்கெட். மிச்சம் இருப்பதைக் கொட்டாதீர்கள், கழுவாதீர்கள். அப்படியே கவரில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தயாரித்த தேதி, 14 இலக்க உணவு உரிம எண் மூன்றும் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுங்கள். உரிம எண் 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம், 124 என்றால் தமிழ்நாடு கொடுத்தது. பெரிய கம்பெனி பாக்கெட்டில் நாலைந்து ஆலை முகவரிகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் தொகுதி எண்ணின் முதல் எழுத்துதான் எந்த ஆலை என்று சொல்லும். அதைக் கண்ணைச் சுருக்கியாவது படித்துக் குறித்துவிடுங்கள், பின்னால் யார் பொறுப்பு என்பதே அதில் நிற்கிறது.

திறந்த பாக்கெட்டை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து முறைப்படி நாலு பங்காகப் பிரித்து எடுக்கும் மாதிரிதான் கோர்ட்டில் பேசும். அதே தொகுதி கடையில் இருக்கும்போதே அவர் வந்தாக வேண்டும். அவர் வரத் தாமதமானால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 40இன்படி நீங்களே வாங்கிப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் 'இதை டெஸ்ட்டுக்கு அனுப்பப் போகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். பில் கட்டாயம். சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. குறை உறுதியானால் கட்டிய கட்டணம் திரும்பி வரும்.

உடம்பு முடியாமல் போயிருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது வாந்தி ஆரம்பித்தது என்பதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மலப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம். தண்டனையின் அளவே இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. அதே உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 59: பாதுகாப்பற்ற உணவால் யாருக்கும் பாதிப்பு வராவிட்டாலும் சிறை உண்டு, பாதிப்பு வந்தால் 1 வருடம் வரை, படுபாதிப்பு என்றால் 6 வருடம் வரை, உயிர் போனால் குறைந்தது 7 வருடம், ஆயுள் வரைக்கும் போகலாம், அபராதமும் 10 லட்சத்துக்குக் குறையாது.

பலர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். கலப்படத்துக்கு இந்தச் சட்டத்தின் பிரிவு 59 இருக்கும்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 272, 273 பிரிவுகளில் வழக்கு நடத்த முடியாது என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ராம்நாத் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே புகார் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்குப் போக வேண்டும். 94440 42322 என்ற துறையின் வாட்ஸ்அப்பில் உடனே போட்டோவோடு அனுப்புங்கள். அதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுங்கள். எழுத்தில் வந்த புகாரை விசாரிப்பது சட்டப்படி அவருடைய கடமை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் இன்னொரு நகல் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

'கெட்டுப்போயிருந்தது, நடவடிக்கை எடுக்கவும்' என்று மட்டும் எழுதினால் கடைக்காரரோடு முடிந்துவிடும். இப்படி எழுதுங்கள்:

'மேற்படி தொகுதி எந்த ஆலையில், எந்த ஷிப்டில் தயாரானது. ஆலையின் சொந்த லேப் அறிக்கை என்ன சொன்னது. அதை வெளியே அனுப்ப ஒப்புதல் கொடுத்தவர் யார். இதே தொகுதி பற்றி முன்பே புகார் வந்ததா, வந்தும் சரக்கைத் திரும்பப் பெறாதது ஏன். பிரிவு 66இன்படி கம்பெனி நியமித்த பொறுப்பாளர் யார். அன்றைக்கு இயக்குநர்களாக இருந்தவர்கள் யார் என்பவற்றை விசாரித்து, உரிய ஆவணங்களைப் பிரிவு 38இன்படி கைப்பற்ற வேண்டுகிறேன்.'

இந்தக் கேள்விகள் ஏன் என்று லேபில் இருந்தவளாகச் சொல்கிறேன். மாங்கூழ் 215 கிலோ பையாக டிரம்முக்குள் நிற்கும். உள்ளே புளித்தால் பை உப்பும், மூடியைத் திறந்ததுமே தெரியும். லேப் 'ஹோல்ட்' ஸ்டிக்கர் ஒட்டும், அதாவது இதை அனுப்பாதே என்று. அந்த ஸ்டிக்கரைக் கிழித்து லாரியில் ஏற்றச் சொல்கிற வார்த்தை மேலேயிருந்து போனில் வரும், காகிதத்தில் வராது. ஆனால் ஹோல்ட் பதிவேடு, டெஸ்பாட்ச் பதிவேடு, மெயில் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்குத் தெரிந்து போனது என்பது வெளியே வந்துவிடும்.

பிரிவு 66 இதைத்தான் தேடுகிறது. கம்பெனி ஒவ்வொரு ஆலைக்கும் ஒருவரை உணவுப் பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமித்துப் படிவம் 9இல் எழுதிக் கொடுக்கலாம். அங்கே எழுதப்படுவது வாய்திறக்க அதிகாரம் இல்லாத லேப் ஊழியரின் பெயராகவும் இருக்கலாம். அதனால் முதலாளி தப்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அதே பிரிவின் இரண்டாம் பகுதி, இயக்குநர், மேலாளர், செயலாளர் எவருடைய சம்மதத்தாலோ, உடந்தையாலோ, அலட்சியத்தாலோ குற்றம் நடந்தது என்று நிரூபித்தால் அவரும் குற்றவாளி என்கிறது. அலட்சியம் என்ற வார்த்தை அங்கே இருப்பது பெரிய விஷயம். பொறுப்பில் இருந்தவர் 'எனக்குத் தெரியாது' என்றால், தெரியாது என்பதையோ, முடிந்த எல்லா எச்சரிக்கையும் எடுத்தேன் என்பதையோ அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இது ஆகாத காரியம் அல்ல. அமெரிக்காவில் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிலக்கடலைக் கம்பெனியின் சரக்கால் 2008-09இல் 714 பேர் சால்மோனெல்லா என்ற கிருமியால் நோயில் விழுந்தார்கள், 9 பேர் இறந்தார்கள். தலைவர் ஸ்டூவர்ட் பார்னெலுக்கு 2015இல் 28 வருடச் சிறை. பொய்யான பரிசோதனைச் சான்றும் அவருடைய மெயில்களுமே அவரைப் பிடித்துக் கொடுத்தன. அங்கே தரப் பிரிவு மேலாளருக்கும் 5 வருடம் கிடைத்தது. ஓசூரிலும் பர்கூரிலும் லேபில் இருக்கிற பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். வழக்கு பிரிகிற இடம் இதுதான். 'தரம் குறைந்தது' என்றோ லேபிள் குறை என்றோ வந்தால் மாவட்ட வருவாய் அலுவலர் முன்பு அபராதத்தோடு முடியும். 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் நியமன அலுவலர் பரிந்துரைத்து, உணவுப் பாதுகாப்பு ஆணையர் அனுமதித்து, கிரிமினல் கோர்ட்டுக்குப் போகும். எனவே என்ன கிருமி, என்ன நச்சு என்று சந்தேகப்படுகிறீர்களோ அதையும் டாக்டர் சீட்டின் நகலையும் புகாரோடு சேருங்கள். கிருமிச் சோதனை செய்யச் சொல்லியே கேளுங்கள். கம்பெனி மேல்முறையீடு செய்து மேல் ஆய்வகத்துக்குக் கேட்கும், மாதங்கள் ஓடும். குற்றம் நடந்து 1 வருடத்துக்குள் கோர்ட் எடுக்க வேண்டும்; ஆணையர் காரணம் எழுதினால்தான் 3 வருடம். ஆகவே மாதம் ஒருமுறை போய்க் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போட்டு மாதிரி எண், அறிக்கைத் தேதி, கோப்பு யார் மேசையில் என்று கேளுங்கள்.

இழப்பீடு தனி. பிரிவு 65இல் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம். நுகர்வோர் ஆணையத்துக்கும் 2 வருடத்துக்குள் போகலாம். பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று ஆள் வந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்று. ஹோல்ட் போட்ட சரக்கை அனுப்பச் சொன்னால், சொன்னவர் பெயர், நேரம், நீங்கள் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்பதைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். அன்றைக்கே மேலாளருக்கு மெயிலும் போடுங்கள். பதிவேட்டை வெளியே தூக்கி வர வேண்டியதில்லை. அதில் இருந்தால் போதும், அலுவலர் வந்து எடுத்துக்கொள்வார்.