காப்பிக் கடை ஓப்பன் மைக்கில் கிட்டாருடன் பாடுவது எப்படி: முதன்முறை பாடுவோருக்கு

சென்னை அடையாற்றில் ஒரு காப்பிக் கடையின் ஓப்பன் மைக் (விரும்புவோர் எவரும் மேடையேறலாம் என்னும் நிகழ்ச்சி) இரவில் நான் முதன்முறையாகப் பாட அமர்ந்து, ஜி மேஜர் கார்டை மீட்டிய நொடியில், ஸ்பீக்கரிலிருந்து ஓர் உறுமல் கிளம்பி, கையை எடுத்த பின்னும் அடங்காமல் வளர்ந்துகொண்டே போனது. ஒலியைக் கவனித்துக்கொண்டிருந்தவர் வேறு வழியின்றிக் கிட்டாரின் ஒலியளவை அடியோடு குறைத்துவிட்டார். மீட்டுவது என் காதுக்கே எட்டாததால் குரலும் சுருதி விலகியது. அந்த உறுமல் ஏன் வந்தது, எப்படி நிற்கும் என்று கண்டுபிடித்த பிறகே இதை எழுதுகிறேன். கார்டு பிடிக்கவும், மீட்டிக்கொண்டே பாடவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பாட்டைச் சுருக்குங்கள்

பெரும்பாலும் ஒருவருக்கு இரண்டு பாட்டு அல்லது பத்து நிமிடம் தருவார்கள். எழுந்து வருவதும், கேபிள் செருகுவதும், மைக்கின் உயரத்தைச் சரிசெய்வதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் அடங்கும். திரைப்பாடல் பாடுவோர் செய்யும் பெரிய தவறு, வயலின் கூட்டம் வாசித்த இடையிசையை ஒற்றைக் கிட்டாரில் கொண்டுவர முயல்வது. பல்லவி, ஒரு சரணம், மீண்டும் பல்லவி என்று முடித்தால் மூன்று நிமிடத்தில் பாட்டு முழுமையாக நிற்கும். இடையிசை வரும் இடத்தில் நான்கு தாள வட்டம் கார்டை மட்டும் மீட்டினால் போதும். முதல் பாட்டு அழுத்தமாகத் தொடங்குவதாக இருக்கட்டும். காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரமும் பாலில் நீராவி பாய்ச்சும் ஓசையும் மெல்லிய தொடக்கத்தை விழுங்கிவிடும்.

படி 2: உங்கள் கட்டையை அறிந்து கேப்போ போடுங்கள்

பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்குத் தம் கட்டை, அதாவது தாம் பாடும் அடிப்படைச் சுருதி, தெரியும். ஆனால் அதைக் கிட்டாரில் எங்கே தேடுவது என்று தடுமாறுவார்கள். ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை என்பது ஜி. ஒன்றரைக் கட்டைக் குரலுக்கு சி வடிவக் கார்டுகளைப் பிடித்து முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) போடுங்கள். ஐந்தரைக் கட்டைக்கு ஜி வடிவமும் அதே முதல் ஃப்ரெட்டும் போதும். கேப்போ தந்தியை அழுத்தும்போது சுருதி சற்று ஏறும் என்பதால், போட்ட பிறகு மறுபடியும் சுருதி சேர்க்க வேண்டும்.

படி 3: பையில் வைக்க வேண்டியவை

கடையில் எல்லாம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டு முனையிலும் 6.35 மில்லிமீட்டர் ஜாக் உள்ள, ஐந்து மீட்டருக்கு மேற்படாத சொந்தக் கேபிள் ஒன்று, புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்று, கிட்டாரின் தலைப்பகுதியில் கவ்வும் ட்யூனர் ஒன்று ஆகியவை கட்டாயம். கைபேசிச் செயலி தன் மைக் வழியாகக் கேட்பதால் கடை இரைச்சலில் தடுமாறும். கவ்வும் ட்யூனரோ மரத்தின் அதிர்வை நேரடியாக வாங்குவதால் பக்கத்து மேசையின் சிரிப்பு அதைப் பாதிக்காது. ஒலியை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெடல்களை வீட்டிலேயே விட்டுவிடும்படி உறுதியாகச் சொல்வேன். பத்து நிமிட மேடையில் அவை கூடுதல் இணைப்புகளாகவும் கூடுதல் கோளாறுகளாகவுமே அமைகின்றன.

கிட்டாரின் பக்கவாட்டில் பேட்டரியும் குமிழ்களும் இருந்தால் உள்ளே ப்ரீஆம்ப் (கிட்டாரின் மெல்லிய மின்னொலியை வலுப்படுத்தும் சிறு கருவி) இருக்கிறது என்று பொருள். ஒலிக்காரர் எல்லா ஒலிகளையும் சேர்த்து அளவு வைக்கும் மிக்சரில் நேரடியாகச் செருகலாம். பேட்டரி இல்லாத பியசோ பிக்கப் (கிட்டாரின் அதிர்வை மின்னொலியாக மாற்றும் உணரி) மட்டும் இருந்தால், அதை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஆக்டிவ் டிஐ பாக்ஸ் ஒன்று தேவை. பியசோ பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவுக்கு உயர்ந்த உள்ளீட்டு மின்மறுப்பு வேண்டும். மிக்சரின் சாதாரண உள்ளீடு அதைவிட மிகக் குறைவு என்பதால், நேரே செருகினால் ஒலி தகரம் போல் மெலிந்துவிடும். ஆக்டிவ் டிஐ பாக்ஸ் இயங்க மிக்சரில் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை (கேபிள் வழியே மிக்சர் அனுப்பும் மின்சாரத்தை) போடச் சொல்ல வேண்டும்.

படி 4: உறுமலை அடக்குவது

என்னைத் தடுக்கிவிட்ட படி இதுதான். ஆகவே பொறுமையாகச் சொல்கிறேன். அக்கூஸ்டிக் கிட்டாரின் உட்குழிவில் இருக்கும் காற்றுக்கு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. பெரிய உடல் கொண்ட கிட்டார்களில் அது ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். ஜி மேஜர் கார்டில் ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் ஒலிக்கும் சுரம் 98 ஹெர்ட்ஸ். திறந்த ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸ். இந்தச் சுரங்கள் ஸ்பீக்கரிலிருந்து பெரிதாகி வந்து கிட்டாரின் பலகையை அசைக்கின்றன. அந்த அசைவைப் பிக்கப் மறுபடி மிக்சருக்கு அனுப்புகிறது. அது இன்னும் பெரிதாகித் திரும்புகிறது. அன்று ஸ்பீக்கர் என் முதுகுக்குப் பின்னால் ஓரடித் தொலைவில் நின்றிருந்தது.

முதலில் இடத்தை மாற்றுங்கள். ஸ்பீக்கர் உங்களுக்கு முன்னால், கேட்போரை நோக்கி இருக்க வேண்டும். முடியாவிட்டால் நாற்காலியை அதிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள். தாழ்ந்த சுரங்கள் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பதால் சிறிய கடையில் இது மட்டும் போதாது. அடுத்து, ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். இதற்கு ஈடான தீர்வை நான் வேறு எதிலும் காணவில்லை. பிக்கப் பிரிட்ஜின் அடியில் இருப்பதால் ஸ்பீக்கரில் வரும் ஒலி பெரிதாக மாறாது. உட்காற்றின் அதிர்வு மட்டும் அடங்கும். அப்போதும் உறுமினால் ப்ரீஆம்பில் ஃபேஸ் என்று எழுதிய பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். திரும்பி வரும் அலையும் கிட்டாரின் அசைவும் ஒன்றையொன்று வளர்க்காமல் தணிக்கும் வாய்ப்பு உண்டு. தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் குமிழைக் குறைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பலர் முதலில் அதைத்தான் குறைக்கிறார்கள். கிட்டாரின் உடலே போய்க் கம்பியொலி மட்டும் மிஞ்சுகிறது.

சோதிக்க ஒரு வழி உண்டு. ஜி மேஜரை அழுத்தமாக மீட்டி, விரல்களை எடுக்காமல் நான்கு வினாடி காத்திருங்கள். ஒலி தானாகத் தேய்ந்தால் பாடத் தொடங்கலாம். தேயாமல் ஒரே அளவில் நின்றால் இன்னும் வேலை இருக்கிறது.

கேபிளைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் அந்தச் சேனலை மியூட் செய்யும்படி ஒலிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். செருகும் ஓசை கூடத்தையே திடுக்கிட வைக்கும்.

படி 5: மைக்

பெரும்பாலும் ஷூர் எஸ்எம்58 அல்லது அதைப் போன்ற மைக்கே இருக்கும். 1966 முதல் வரும் இந்த மைக் முன்புற ஒலியை நன்றாக வாங்கி, நேர் பின்புற ஒலியைப் பெரிதும் ஒதுக்கும். மானிட்டர் (பாடுபவர் தம் ஒலியைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) இருந்தால் அது மைக்கின் வாலுக்கு நேரே இருக்கட்டும். வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு விரல் அகலம் இடைவெளி விடுங்கள். இன்னும் நெருங்கினால் தாழ்ந்த சுரங்கள் கனத்துச் சொற்கள் மங்கும். பேசும் குரலில் அல்ல, பாடும் குரலில் ஒரு வரி பாடிக் காட்டி அளவை வைக்கச் சொல்லுங்கள்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்தவர்கள் கேட்டவை

ஒருவருக்குப் பாடும் நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம். கேபிள் செருகியிருக்கும் வரை ப்ரீஆம்ப் இயங்கிக்கொண்டே இருக்கும். பயிற்சி முடிந்ததும் ஜாக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

வெயிலில் வந்து குளிரூட்டிய கடைக்குள் நுழைந்ததும் சுருதி மாறுவதாக இன்னொருவர் எழுதினார். குளிரில் எஃகுத் தந்தி சுருங்கி இறுகுவதால் சுருதி ஏறுகிறது. கிட்டாரை உறையிலிருந்து எடுத்து, இருபது நிமிடம் கூடத்துக் காற்றில் வைத்த பிறகு சுருதி சேருங்கள். புதுத் தந்திகளை அன்றே மாட்டாதீர்கள். அவை இழுபட்டு நிலைக்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

புல்லாங்குழல் வாசிக்கும் ஒருவர் தம் மூச்சு மைக்கில் சீறுவதாகச் சொன்னார். மைக்கை உதட்டுக்கு நேரே வைக்காமல், வாய்த்துளைக்கும் முதல் விரல்துளைக்கும் இடையில், குழலுக்குச் சற்று மேலே வைத்து ஒரு சாண் தள்ளி வாசித்துப் பார்த்தார். சீற்றம் நின்றுவிட்டது என்று அடுத்த வாரமே எழுதினார்.