ஃப்ரேசல் வெர்ப் பழக, பட்டியலை முதலில் மூடிவையுங்கள்

என்னிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க வருகிறவர்களில் பலர் ஃப்ரேசல் வெர்ப் பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு வினையோடு 'அப்', 'ஆஃப்' போன்ற சின்னச் சொல் ஒட்டி, தனிப் பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். முதல் நாளே அதை மூடிவைக்கச் சொல்லிவிடுவேன். கெட் அப், கெட் ஆஃப், கெட் ஓவர், கெட் அலாங் என்று வரிசையாக உருப்போட்டால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

வினையை விட்டுவிட்டு, பின்னால் ஒட்டும் சின்னச் சொல்லைப் பிடியுங்கள். 'அப்' பல இடங்களில் மேலே என்ற பொருளில் வராது. வேலை முழுதாக முடிந்ததைச் சொல்லும். ஈட் அப் என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. யூஸ் அப் என்றால் தீர்த்துவிடு. தமிழில் 'விடு' செய்கிற வேலைதான் அது. 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே! லுக் அட், லுக் ஆஃப்டர் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசமும் அதுவே.

'ஆஃப்' பெரும்பாலும் விலகலைக் காட்டும். விமானம் டேக் ஆஃப் ஆகிறது. பயணம் கிளம்பினால் செட் ஆஃப். கூட்டத்தை புட் ஆஃப் செய்தால் தள்ளிவைத்தோம், கால் ஆஃப் செய்தால் ரத்து. புட் ஆஃப் என்பதற்குப் பதில் கால் ஆஃப் என்று சொல்லிவிட்டால், கேட்பவர் புதிய தேதியை எதிர்பார்க்கவே மாட்டார். 'அவுட்' தீர்ந்துபோவதற்கு: ரன் அவுட், செல் அவுட். எல்லாமே இந்தக் கணக்குக்குள் வராது. புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்வது, டேக் ஆஃப்டர் என்றால் அம்மாவையோ அப்பாவையோ போல இருப்பது. இவற்றை அப்படியே மனத்தில் ஏற்றத்தான் வேண்டும்.

அதிகம் தடுக்கும் இடம் சொல்வரிசை. டர்ன் ஆஃப் த லைட், டர்ன் த லைட் ஆஃப் இரண்டும் சரி. ஆனால் 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: டர்ன் இட் ஆஃப். 'டர்ன் ஆஃப் இட்' தவறு. லுக் ஆஃப்டர் போன்றவை பிரியாது: லுக் ஆஃப்டர் ஹெர். அதனால் பிரியக்கூடியதை நோட்டில் எழுதும்போதே 'இட்' சேர்த்து எழுதுங்கள்: புட் இட் ஆஃப், கால் இட் ஆஃப், பிக் இட் அப். வாய்விட்டும் சொல்லுங்கள். வேகமான பேச்சில் பிக் இட் அப் 'பிக்கிட்டப்' என்று ஒரே சொல்லாக ஒலிக்கும்; நம் வாய் பழகினால்தான் காது பிடிக்கும்.

ஒவ்வொன்றுக்கும் அன்று உங்களுக்கு நடந்ததை வைத்தே ஒரு வாக்கியம் எழுதுங்கள். பேச்சுக்கும் நண்பருக்கு அனுப்பும் செய்திக்கும் புட் ஆஃப் இயல்பு. அலுவலகக் கடிதத்தில் போஸ்ட்போன் என்றே எழுதுங்கள்.