மூன்று பிஎன் முட்டையைத் தவறாமல் கண்டறியும் முறை

உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐவிஎஃப் ஆய்வகத்தில் சினைமுட்டைகளோடு விந்தணுக்களைச் சேர்த்த பின், 16 முதல் 18 மணி நேரத்துக்குள் கருவுறல் சோதனையை முடித்துவிட வேண்டும். இயல்பாகக் கருவுற்ற முட்டையில், முட்டையின் குரோமோசோம்களைக் கொண்டது ஒன்றும் விந்தணுவினுடையது ஒன்றுமாக இரண்டு முன்கருக்கள் (பிஎன்) இருக்கும். ஒரே முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் புகுந்துவிட்டதைப் பெரும்பாலும் காட்டும் மூன்றாவது முன்கரு அப்போதுதான் கண்ணில் படும். முன்கருக்கள் கரைந்த பிறகு பார்த்தால், அந்தக் கரு மற்றவற்றைப் போலவே பிளவுபட்டு நிற்கும்.

முதலில் முட்டையைச் சூழ்ந்துள்ள கியூமுலஸ் செல்களை, முட்டையைவிடச் சற்றே அகலமான நுண்குழாயில் மெல்ல உறிஞ்சி வெளிவிட்டு நீக்குங்கள். பிறகு முட்டையை உருட்டி உருட்டிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு முன்கருக்கள் ஒரே கோணத்தில் ஒன்றாகத் தோன்றும் என்பதால், உருட்டாமல் எண்ணிய எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. உள்ளே சிறு மணிகள் போல நியூக்ளியோலஸ் முன்னோடிகள் தெரிந்தால் அது முன்கரு. ஒன்றுமின்றித் தெளிந்த குமிழாக இருந்தால் பெரும்பாலும் வெற்றிடக் குமிழே.

அடுத்து, முட்டை தன் உபரிக் குரோமோசோம்களோடு வெளித்தள்ளும் சிறு செல்களான துருவச் செல்களை எண்ண வேண்டும். மூன்று முன்கருக்களும் இரண்டு துருவச் செல்களும் இருந்தால், இரண்டு விந்தணுக்கள் புகுந்திருக்க வாய்ப்பு மிகுதி. துருவச் செல் ஒன்றே இருந்தால், இரண்டாவது வெளியேறாமல் தாயின் குரோமோசோம் தொகுதி உள்ளேயே தங்கியிருக்கலாம். ஒரே விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி முறையில் மூன்று பிஎன் தோன்றினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஆயினும் துருவச் செல் சிதைந்து துண்டுகளாகக் கிடப்பதும் உண்டு, எனவே அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

இயல்பாக முதல் விந்தணு இணைந்ததும், முட்டையின் ஓரத்திலுள்ள புறணிக் குருணைகள் வெடித்து ஓவஸ்டாசின் நொதியை வெளிவிடுகின்றன. அது முட்டையைச் சூழ்ந்த உறையான சோனாவிலுள்ள இசட்பி2 புரதத்தை வெட்டிவிடுவதால் பின்னால் வரும் விந்தணுக்கள் ஒட்ட முடிவதில்லை. முதிராத முட்டையிலும் நேரம் கடந்த முட்டையிலும் இந்தத் தடை தளர்ந்திருக்கும். ஆகவே ஒரே நாளில் மூன்று பிஎன் அதிகமாகத் தென்பட்டால், முட்டைகளின் முதிர்ச்சியையும் சேர்த்த விந்தணுக்களின் செறிவையும் மறுபடி சரிபாருங்கள். கருவுறல் உறுதியாக நடக்கட்டும் என்று செறிவைக் கூட்டுவது பலரிடம் காணும் பழக்கம். அதனால் இந்தச் சிக்கல் கூடக்கூடும்.

மனிதரில் விந்தணு, செல் பிரிவை ஒழுங்குபடுத்தும் சென்ட்ரியோலையும் உடன் கொண்டுவருவதால், இரண்டு புகுந்த முட்டை முதல் பிளவிலேயே மூன்று செல்களாகப் பிரிவதுண்டு. எலிக் கருக்களில் பழகியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை, ஏனெனில் எலி விந்தணு சென்ட்ரியோலைத் தருவதில்லை. மூன்று தொகுதிகளாக 69 குரோமோசோம்கள் கொண்ட கரு பெரும்பாலும் கலைந்துவிடும், சில வேளை நஞ்சுக்கொடித் திசு இயல்புக்கு மாறாக வளரும் பகுதி முத்துப்பிள்ளைக் கர்ப்பமாகவும் மாறலாம். ஆகவே அதைக் கண்ட கணமே தனித் தட்டுக்கு மாற்றி, தட்டிலும் பதிவேட்டிலும் ஒரே குறியை இட்டு, கருப்பைக்குள் மாற்றிப் பதிக்கும் கருக்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.